கிருதா (Krita) ஓவிய மென்பொருளில் மெதுவாக வரைந்தால் சாய்வுக் கோடு நெளிகிறது

பேனாவால் வரையும் டேப்லெட்டில் மெதுவாக இழுத்தால் சாய்வுக் கோடு மட்டும் நெளிகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ஃப்ரீஹேண்ட் பிரஷை எடுத்து, டூல் ஆப்ஷன்ஸில் பிரஷ் ஸ்மூத்திங்கை (கோட்டைச் சீராக்கும் அமைப்பு) ஸ்டெபிலைசருக்கு மாற்றுங்கள். மெதுவாக இழுக்கும் நீண்ட கோடுகளில் வரும் நெளிவு பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும்.

சாய்வுக் கோட்டில் மட்டும்தான் நெளிகிறது என்கிறீர்களே, அப்படியென்றால் உங்கள் கையைச் சந்தேகிக்க வேண்டாம். பேனா இருக்கும் இடத்தை டேப்லெட் கணிப்பதில்தான் பிசகு இருக்க வேண்டும். ஸ்மூத்திங்கை அணைத்துவிட்டு, டேப்லெட் மேல் ஸ்கேல் வைத்து மெதுவாக ஒரு சாய்வுக் கோடு இழுத்துப் பாருங்கள். அப்போதும் அதே அலை வந்தால் டேப்லெட்தான் காரணம். அப்புறம் அதையே வேகமாக இழுங்கள், அலை பெரிதும் குறையும்.

ஆனால் ஸ்டெபிலைசரில் டிஸ்டன்ஸ் என்ற அளவை ரொம்ப ஏற்றாதீர்கள். கோடு பேனாவுக்குப் பின்தங்கும், கூர்மையான மூலைகள் மழுங்கும். முடி, துணி மடிப்பு மாதிரி சின்னக் கோடுகளுக்கு நான் பேசிக் (Basic) என்ற ஸ்மூத்திங்குக்கே திரும்பிவிடுவேன்.