ஸ்பீக்கர் பெட்டி செய்யலாம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 6.5 அங்குல வூஃபர் (பாஸ் என்னும் தாழ் ஒலிக்கான ஸ்பீக்கர்) ஒரு ஜோடி வாங்கியிருக்கிறேன். கூட வந்த தாளில் எஃப்எஸ் 40 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.4, வாஸ் 30 லிட்டர் என்று போட்டிருக்கிறது. மூடிய பெட்டி செய்ய என்ன அளவு சரி? (கரூர் வாசகர்)

பதில்: இந்த மூன்று எண்களும் இருந்தால் ஊகத்துக்கு இடமே இல்லை. எஃப்எஸ் என்பது வூஃபர் தானாக அதிரும் அலைவெண். க்யூடிஎஸ் என்பது வூஃபரின் க்யூ, அதாவது அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதைக் காட்டும் எண். வாஸ் என்பது வூஃபரின் நெகிழ்வுக்குச் சமமான நெகிழ்வுள்ள காற்றின் அளவு. வூஃபரும் பெட்டியும் சேர்ந்த க்யூ 0.707 என்று வந்தால் பாஸ் வீங்காது, மெலியவும் செய்யாது. 0.707-ஐ க்யூடிஎஸ்ஸால் வகுத்து, விடையை அதாலேயே பெருக்கி, 1-ஐக் கழியுங்கள். 2.12 வரும். வாஸை அதால் வகுத்தால் 14 லிட்டர். வூஃபருக்குப் பின்னால் இருக்க வேண்டிய காற்றின் அளவு இதுதான். காந்தம், குறுக்குச் சட்டம், ஒலியைப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் பலகை எல்லாம் சேர்ந்து அடைக்கும் இடத்துக்கு 1.4 லிட்டர் கூட்டி, வெற்றுப் பெட்டியை 15.4 லிட்டராகச் செய்யுங்கள். இதில் பாஸ் 70 ஹெர்ட்ஸ் வரை பலமாக இருக்கும். அதற்குக் கீழே மெதுவாகக் குறையும்.

18 மி.மீ. பலகையில் வெளியளவு 380 உயரம், 220 அகலம், 280 ஆழம் என்றால் கணக்கு சரியாக வரும். ஒரு பெட்டிக்குப் பக்கப் பலகை இரண்டு (380 × 244), மேலும் கீழும் இரண்டு (184 × 244), முன்னும் பின்னும் இரண்டு (380 × 220). நான்கு பலகைகளுக்கு 244 பொதுவாக வருகிறது, பாருங்கள். மரக்கடையில் அறுக்கும்போது டேபிள் சா என்னும் மேசை ரம்பத்தின் தடுப்பை 244-க்கு வைத்து, இரண்டு பெட்டிக்குமான எட்டுப் பலகைகளையும் ஒரே மூச்சில் அறுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக அளந்து அறுத்தால் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் நிச்சயம் வரும். அந்த அரை மில்லிமீட்டர்தான் பிறகு மூட்டில் இடைவெளியாக நிற்கும்.

ஒட்டிக் கிளாம்ப் போட்டதும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். 1 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் இருந்தால், நீளமாக இருக்கும் மூலைவிட்டத்தின் குறுக்கே இன்னொரு கிளாம்ப் போட்டு மெல்ல இறுக்குங்கள். பசை ஈரமாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

கேள்வி: வூஃபருக்கான துளையை ஜிக்சாவில் வெட்டினால் வட்டம் கோணலாகிறது. என்னிடம் 6 மி.மீ. பிட் போடும் டிரிம்மர் (மரத்தைக் குடையும் சின்ன ரூட்டர்) இருக்கிறது. அதை வட்டமாக வழிநடத்த ஒரு ஜிக் செய்து வெட்டலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: அதுதான் சரியான வழி. 6 மி.மீ. அக்ரிலிக் அல்லது பிளைவுட்டில் 300 × 120 அளவில் ஒரு துண்டு போதும். டிரிம்மரின் அடியில் உள்ள பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றி, அதையே அச்சாக வைத்து ஸ்குரூ துளைகளைக் குறித்து, இந்தத் துண்டை அந்த இடத்தில் பூட்டுங்கள். ஸ்குரூ தலைகள் உள்ளே அமிழும்படி துளையின் வாயை அகட்ட வேண்டும். இல்லையென்றால் பலகையில் கீறல் விழும். வட்டத்தின் மையத்தில் நின்று ஜிக்கைச் சுழலவிடும் நடு ஊசிக்கு 3 மி.மீ. டிரில் பிட்டின் தண்டுப் பகுதி போதும்.

இனி அளவு. உங்கள் வூஃபரின் வெளிவளையம் 166 மி.மீ., துளை 145 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பலகையோடு மட்டமாக உட்கார 167-ல் பள்ளமும், உள்ளே 146-ல் துளையும் வேண்டும். பிட் தன் பாதி அகலமான 3 மி.மீ.-ஐ வெளிப்பக்கமாகத் தின்னும். ஆகவே பள்ளத்துக்கு ஊசியிலிருந்து பிட்டின் மையம் 80.5-ல் இருக்க வேண்டும், துளைக்கு 70-ல். இடையில் மிஞ்சும் மரத்தைத் துடைக்க 74.5-ல் இன்னொரு சுற்று. ஜிக்கில் இந்த மூன்று ஊசித் துளைகளையும் ஒரே கோட்டில் போடாதீர்கள், நடுவில் பிளந்துவிடும். தூரம் மாறாமல் இடதும் வலதுமாகச் சற்றுத் தள்ளிப் போடுங்கள்.

வரிசை மிக முக்கியம்: முதலில் பள்ளம், கடைசியில்தான் துளை. துளை விழுந்துவிட்டால் ஊசி நிற்க மையம் இருக்காது. பிறகு அதே மையத்தில் பள்ளம் வெட்டவே முடியாது. பள்ளத்தின் ஆழம், வளையத்தின் தடிமனோடு, காற்று கசியாமல் அதன் அடியில் ஒட்டும் ஃபோம் டேப்பின் அழுந்திய தடிமனையும் சேர்த்தது.

முதல் சுற்றில் 1 மி.மீ. மட்டும் கீறுங்கள், பிளைவுட்டின் மேல் வெனியர் பிய்யாது. பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் 3 அல்லது 4 மி.மீ. இறக்குங்கள், கடிகார திசையில் நகர்த்துங்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக இறக்கினால் பிட் சூடாகி மரம் கருகும், சின்ன மோட்டார் திணறும். கடைசி 1 மி.மீ.-ஐ ரூட்டரில் வெட்டாதீர்கள். ஊசி நிற்பது நடுவட்டில்தான். அது கழன்ற நொடியில் ஜிக் துள்ளி ஓரத்தைக் கடித்துவிடும். மிச்சத்தைக் கத்தியால் அறுத்து உப்புத்தாளால் தேயுங்கள். இத்தனையையும் முதலில் ஒரு துண்டுப் பலகையில் வெட்டி, வூஃபரை வைத்துப் பார்த்துவிட்டே நல்ல பலகையைத் தொடுங்கள்.

கேள்வி: எம்டிஎஃப் (மர இழையை அழுத்திச் செய்த பலகை) நல்லதா, பிளைவுட்டா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் எம்டிஎஃப். ஓரங்கள் பெயிண்டைக் குடிக்கும் என்பதால் சாண்டிங் சீலரை இரண்டு கை பூசுங்கள். ஓரத்தில் நேராக ஸ்குரூ ஏற்றினால் பிளக்கும், 4 மி.மீ. ஸ்குரூவுக்கு 3 மி.மீ. துளை போட்டு, மூலையிலிருந்து 50 மி.மீ. தள்ளி ஏற்றுங்கள். தரை துடைக்கும் ஈரம் பட்டால் ஊதும், எனவே கால்கள் அவசியம். தூள் நுரையீரலுக்குக் கெடுதி. என்95 முகக்கவசம் இல்லாமல் அறுக்கவே வேண்டாம். மலிவான கமர்ஷியல் பிளைவுட்டில் உள் அடுக்குகளுக்கு நடுவே பொந்துகள் இருக்கும். சில சுரங்களில் அங்கே கடகடக்கும். பிளைவுட்தான் வேண்டும் என்றால் வெட்டிய ஓரத்தைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: மூடிய பெட்டிதான். ஆனால் பாஸ் வரும்போது எங்கிருந்தோ 'உஸ்' என்று சத்தம் வருகிறது. (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: காற்று கசிகிறது. வூஃபர் கூம்பை விரல் நுனிகளால் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். நிதானமாகத் திரும்பி வந்தால் பெட்டி நன்றாக மூடியிருக்கிறது. சட்டென்று திரும்பினால் எங்கோ ஓட்டை. இடம் தெரிய, ஃபோனில் 40 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, பற்றவைத்த ஊதுபத்தியை மூட்டுகளின் ஓரமாக நகர்த்துங்கள். கசியும் இடத்தில் புகை துடிக்கும். முதலில் பின்பக்க வயர் டெர்மினலைப் பாருங்கள், அங்கே கசிவை அடைக்கும் கேஸ்கெட் போட மறப்பவர்கள் அதிகம். அடுத்து வூஃபர் ஸ்குரூக்கள். எம்டிஎஃப்பில் நாலைந்து முறை கழற்றி மாட்டினாலே புரி தேய்ந்து பிடிப்பு போய்விடும். அங்கே டி-நட் (மரத்தில் பதிக்கும் உலோக நட்) வைத்து போல்ட் போடுங்கள்.

மூட்டிலேயே கசிந்தால் உள்பக்கம் சிலிக்கான் தடவலாம். புளிச்ச வாடை அடிக்கும் ரகம் வேண்டாம். அதிலிருந்து வரும் அமில ஆவி உலோகத்தை அரிக்கும். நியூட்ரல் ரகம் கேட்டு வாங்கி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகே வூஃபரைத் திரும்ப மாட்டுங்கள்.