தலைவலி மாத்திரையால் மூளை கெட்டுப்போகுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. ஒற்றைத் தலைவலிக்கு ஆறு வருடமாக சுமாட்ரிப்டான் 50 மி.கி. போடுகிறேன். ஆரம்பத்தில் மாதம் இரண்டு மாத்திரை போதும். இப்போது 12, 13 ஆகிறது. மனப்பதற்றத்துக்கு எஸ்சிடலோபிராமும் எடுக்கிறேன். இப்படியே போட்டால் மூளையில் செரோடோனின் ஏற்பிகள் செத்துவிடும் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். உண்மையா? (வாசகி, கரூர்)

பதில்: ஏற்பிகள் (நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோடோனின் வந்து ஒட்டும் இடங்கள்) சாகாது, அந்தப் பயம் வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்துவது அந்த 12, 13தான்.

சுமாட்ரிப்டான் செரோடோனினின் எல்லா ஏற்பிகளையும் தொடுவதில்லை. 1பி, 1டி என்ற இரண்டு வகைதான் அதன் முக்கிய இலக்கு. மூளை உறையில் விரிந்துகிடக்கும் ரத்தக்குழாயைச் சுருக்கும். அங்குள்ள நரம்பு நுனிகளில் வலியைக் கிளப்பும் சிஜிஆர்பி என்ற பொருள் கசிவதைத் தடுக்கும். இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். மூளைக்குள் நுழைவதும் சொற்பம்தான்.

உங்கள் நண்பர் சொன்னது முழுக்கக் கற்பனையும் இல்லை. 1960களில் ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க மெத்திசெர்ஜைட் என்ற மருந்தைத் தினமும் கொடுத்தார்கள். அது 2பி என்ற வேறு ஏற்பியைத் தூண்டி, சிலருக்கு இதய வால்வும் வயிற்றின் பின்பகுதித் திசுவும் தடித்துப்போயின. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் நிறுத்தச் சொன்னார்கள். சுமாட்ரிப்டானுக்கு இந்த வால்வு வம்பு கிடையாது. ஆனால் எர்காட்டமைன், காஃபீன், பாராசிட்டமால் எல்லாம் சேர்ந்த மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி இடையில் போடுகிறீர்களா? எர்காட்டமைன் அந்தப் பழைய மெத்திசெர்ஜைடின் குடும்பத்தைச் சேர்ந்தது. சுமாட்ரிப்டான் போட்ட 24 மணி நேரத்துக்குள் அதைத் தொடவே கூடாது. ரத்தக்குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கும்.

சரி, 12, 13க்கு வருவோம். மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ ட்ரிப்டான் (சுமாட்ரிப்டான் சேர்ந்த மருந்து வகை) போட்டு, அது மூன்று மாதத்தைத் தாண்டினால், மாத்திரையே தலைவலியை வளர்க்க ஆரம்பிக்கும். எலிகளுக்குத் தொடர்ந்து ட்ரிப்டான் கொடுத்துப் பார்த்தபோது, முகத்துக்கும் தலைக்கும் போகும் நரம்பில் சிஜிஆர்பி கூடியது. மருந்தை நிறுத்திய பின்னும் உடனே தணியவில்லை. ஏற்பி அழியவில்லை, நரம்புதான் சீக்கிரம் சீண்டப்படும் நிலைக்குப் போயிருந்தது.

என்னிடம் வந்த ஒரு அம்மா, மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டு, "எட்டுதான் டாக்டர்" என்று காலி அட்டைகளைக் காட்டினார். தினசரி காலண்டரில் போட்ட நாளை எல்லாம் சுழிக்கச் சொன்னேன். அடுத்த மாதம் 16 சுழி. மாத்திரையை எண்ணாதீர்கள், நாளை எண்ணுங்கள்.

எஸ்சிடலோபிராமோடு சேர்த்தால் உடலில் செரோடோனின் வேலை அளவுமீறலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2006ல் எச்சரித்தது. நடைமுறையில் ஆபத்து மிகக் குறைவு. இரண்டையும் எடுப்பவர்கள் ஏராளம். கை நடுக்கம், குழப்பம், காய்ச்சலோடு உடல் விறைப்பு என்றால் மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எஸ்சிடலோபிராமை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நரம்பியல் மருத்துவரைப் பார்த்துத் தலைவலி வராமல் தடுக்கும் மருந்து கேளுங்கள்: ப்ரொப்ரனலால் (ஆஸ்துமா இருந்தால் கூடாது), டோபிராமேட் என்று சில உண்டு. ட்ரிப்டானை நிறுத்தும்போது முதல் சில நாள் தலைவலி அதிகமாகும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். விடுமுறை நாட்களாகப் பார்த்து ஆரம்பியுங்கள். அதற்கு முன் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை போட்ட பிறகு நெஞ்சில் இறுக்கம் வந்திருந்தால், கேட்காவிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.