முதியோர் பராமரிப்பு இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அம்மாவைச் சேர்க்க இல்லம் பார்க்கிறோம், எதைக் கவனிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அவருடைய தேவையைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். குளிக்க, உடுத்த, வேளைக்கு மாத்திரை எடுத்துக்கொள்ள உதவி போதுமென்றால் அன்றாட உதவி தரும் இல்லமே போதும். படுத்த படுக்கை, குழாய் வழியே உணவு, ஆறாத புண் என்றால் இரவும் பகலும் செவிலியர் இருக்கும் இடம்தான் வேண்டும்.

வரவேற்பறையின் பளபளப்பை நம்பாதீர்கள். முன்கூட்டிச் சொல்லாமல், மாலையிலோ விடுமுறை நாளிலோ ஒருமுறை போங்கள். ஆட்கள் குறைவது அப்போதுதான். அழைப்பு மணி அடித்தபின் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்று நின்று பாருங்கள். தண்ணீர் டம்ளர் படுத்திருப்பவரின் கைக்கு எட்டுகிறதா? எட்டாவிட்டால் அவர் தாகத்தோடுதான் கிடப்பார். தானாகப் புரள முடியாதவரைப் படுக்கைப்புண் வராமலிருக்கச் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது வழக்கம்; அதைக் குறித்துவைக்கும் ஏட்டைக் காட்டச் சொல்லுங்கள். இரவில் எத்தனை பேருக்கு ஒரு பணியாளர் என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாதக் கட்டணத்தில் சேராதவை எவை, உடல்நிலை மோசமானால் வெளியேறச் சொல்வார்களா என்பதை ஒப்பந்தத்தில் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். முடிந்தால் அம்மாவையும் அழைத்துப்போய் ஒருவேளை அங்கே சாப்பிட வையுங்கள். பிடிக்கவில்லை என்றால், காரணத்தைப் பொறுமையாகக் கேளுங்கள்.