அலுவலக நண்பர்களைச் சமூக ஊடகத்தில் சேர்த்துக்கொள்ளலாமா?

உடன் பணியாற்றுபவர்களை முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் சேர்த்துக்கொண்டால் அலுவலக உறவு வளருமா, கெடுமா என்ற கேள்விக்கான விடை 'சூழல் சரிவு' என்ற ஒரு கருத்தில் இருக்கிறது. வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு விதமாக நாம் பழகும் மனிதர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் ஒரே பேச்சைக் கேட்கும் நிலைதான் அது.

மேலாளரிடம் ஒரு குரலிலும் கல்லூரித் தோழனிடம் வேறொரு குரலிலும் பேசுவது போலித்தனமன்று. அது இடமறிந்து பேசும் பழக்கம். சமூக ஊடகமோ அந்த இடைச்சுவர்களை எடுத்துவிடுகிறது. கல்யாணப் பந்தியில் மாமாவும் மேலாளரும் பால்ய நண்பரும் அடுத்தடுத்து அமர்ந்திருக்க, நண்பருக்கு மட்டும் சொல்ல வேண்டிய கேலியை ஒலிபெருக்கியில் சொல்வதைப் போன்றது இது.

காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தவர், மறுநாள் குற்றால அருவியில் எடுத்த பழைய படத்தை ஸ்டேட்டஸில் வைத்தால், அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அது எழுப்பும் ஐயம் அவ்வளவு விரைவில் மறைவதில்லை. அதே சமயம், குழந்தையின் பிறந்தநாள் படத்துக்கு வந்த ஒரு வாழ்த்து, மாதக்கணக்கில் பேசாதிருந்த இருவரைத் தேநீர் இடைவேளையில் பேச வைப்பதும் உண்டு. சிக்கல் பெரும்பாலும் பதவி வேறுபாட்டில்தான்: சக ஊழியரின் நட்பு அழைப்பைத் தள்ளிப்போடலாம், மேலதிகாரியின் அழைப்பை மறுப்பது எளிதன்று, ஆகவே மேலதிகாரி முதலில் அழைக்காதிருப்பதே நாகரிகம் என்பது என் கருத்து.

ஒருவரைச் சேர்த்துக்கொண்டாலே எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும் என்று பலர் எண்ணுவது தவறு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலிருந்து சிலரை விலக்கி வைக்கலாம், விலக்கப்பட்டவருக்கு அதுபற்றி எந்த அறிவிப்பும் போகாது.