சிஸ்வாதி தாய்மொழித் தேர்வுக்கு எப்படித் தயாராவது?

தென்னாப்பிரிக்காவில் 12ஆம் வகுப்பு இறுதித் தேர்வில் சிஸ்வாதியைத் தாய்மொழிப் பாடமாக எழுதும் மாணவர், நாளும் பேசும் மொழிதானே என்று அதைக் கடைசிக்கு ஒத்திவைப்பது சரியா என்பது கேள்வி. சரியல்ல என்பதே என் பதில்.

எழுத்துத் தேர்வு மூன்று தாள்களாக நடைபெறுகிறது: மொழித்தாளுக்கு 70, இலக்கியத்துக்கு 80, கட்டுரைத்தாளுக்கு 100 மதிப்பெண்கள், வாய்மொழித் தேர்வின் 50 மதிப்பெண்கள் பள்ளியிலேயே முன்னதாக வழங்கப்பட்டுவிடும்.

உண்மையான சிக்கல் எழுத்து வழக்கில் இருக்கிறது. தொலைக்காட்சியிலும் நண்பர்களிடமும் சிஸ்வாதிக்கு நெருங்கிய உறவுடைய இசிஸூலு (ஸூலு) மொழியை ஓயாமல் கேட்டு வளரும் ம்புமலாங்கா மாகாண மாணவர், நாய்கள் என்பதற்கு ‘டின்ஜா’ என எழுத வேண்டிய இடத்தில் தம்மை அறியாமலே ‘இஸின்ஜா’ என்ற ஸூலு வடிவத்தை எழுதிவிடக்கூடும். பெயர்ச்சொல் சேர்ந்த வகுப்புக்கேற்ப (நம் திணை, பால் போன்ற பிரிவு) வினையின் முன்னொட்டும் மாறும் மொழி இது என்பதால், அந்தப் பிழை எழுவாயோடு நில்லாமல் வாக்கியம் முழுவதும் தொடர்கிறது. ஆகவே நாள்தோறும் ஒரு பத்தி எழுதி, முன்னொட்டுகளை மட்டும் தனியே சரிபார்ப்பது, இலக்கண விதிகளை மனப்பாடம் செய்வதைவிடப் பெரிதும் பயன் தரும்.

இலக்கியத்தில் நாவல், நாடகம் ஆகிய இரண்டில் ஒன்றுக்குக் கட்டுரையாகவும் மற்றொன்றுக்குக் குறுவினாக்களாகவும் விடையளிக்க வேண்டும். எதற்கு எது என்பதை முன்பே தீர்மானித்துக்கொள்வது நல்லது. பாடத்தில் இல்லாத கவிதை ஒன்றுக்கும் 10 மதிப்பெண்கள் உண்டு. பலர் இதற்குப் பயிற்சி எடுப்பதே இல்லை. அடிப்படைக் கல்வித் துறையின் இணையதளத்தில் முந்தைய வினாத்தாள்கள் விடைக்குறிப்புகளுடன் இலவசமாகக் கிடைக்கின்றன. நேரம் வைத்து எழுதிய பிறகே விடைக்குறிப்பைத் திறக்க வேண்டும்.