வீட்டில் சர்வர் லேப் அமைக்க 25,000 ரூபாய்க்கு எது சரி? பழைய ரேக் சர்வரா, ராஸ்பெரி பையா?

லினக்ஸ் அட்மின் வேலைக்குத் தயாராகிறேன், சென்னையில் வாடகை வீடு, கையில் 25,000 ரூபாய் என்று கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். ஆபீஸ் அலமாரியில் அடுக்கும் பெரிய ரேக் சர்வர், உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரான ராஸ்பெரி பை, இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய மினி பிசி ஒன்று வாங்குங்கள். லெனோவோ திங்க்சென்டர் எம்720கியூ, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, ஹெச்பி எலைட்டெஸ்க் 800 மினி ஆகிய மூன்றில் நல்ல நிலையில் கிடைப்பது எதுவானாலும் சரி.

ரேக் சர்வர் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். ஐடிராக் (தூரத்திலிருந்தே சர்வரை இயக்கும் டெல்லின் வசதி), ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்ப்பது), இரட்டை பவர் சப்ளை இவற்றைத் தொட்டுப் பழக வேண்டும் என்றால் ரேக்குக்கு மாற்று இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2012-இல் வந்த டெல் ஆர்720 போன்ற பெட்டி சும்மா இருக்கும்போதே 100 வாட்டைத் தாண்டும். 120 வாட் என்று வைத்தால், நம் இரண்டு மாத ரீடிங்கில் 173 யூனிட். மினி பிசி 12 வாட் என்றால் 17 யூனிட். வீட்டில் ஏசி இருந்து, இந்த 173 யூனிட் உங்களை 500-க்கு மேலே தள்ளினால், குறைந்த விலைப் படியில் இருக்கும் யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும். சத்தத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டாம், பக்கத்து அறையில் தூங்குகிறவர் சொல்வார். ராஸ்பெரி பை டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) ஓட்ட நல்லது. ஆனால் ஒரே பெட்டியில் பல விஎம்களை (மெய்நிகர் கம்ப்யூட்டர்களை) ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் அதிகாரபூர்வமாக எக்ஸ்86-க்கு (இன்டெல், ஏஎம்டி சிபியு வகைக்கு) மட்டும்தான், ராஸ்பெரி பையில் இருப்பது வேறு வகை. எஸ்டி கார்டும் ஓயாமல் எழுதினால் செத்துப்போகும்.

எந்தத் தலைமுறை சிபியு என்பதில் கொஞ்சம் யோசியுங்கள். விண்டோஸ் 11 இன்டெல் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஏறும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. அதனால் 6, 7-ஆம் தலைமுறைப் பெட்டிகளை ஆபீஸ்கள் தள்ளிவிடுகின்றன. லினக்ஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் 6-ஆம் தலைமுறையைத் தவிருங்கள்: 10-பிட் ஹெச்இவிசி முறையில் சுருக்கிய வீடியோவை அதன் கிராஃபிக்ஸ் முழுதாக டிகோட் செய்யாது, ஜெல்லிஃபின் (வீட்டு வீடியோ சர்வர்) போட்டால் சிபியு திணறும். 7-ஆம் தலைமுறையில் ஐ5-7500டி சிபியு போதும். 8-ஆம் தலைமுறை ஐ5-8500டி கிடைத்தால் ஆறு கோர், யோசிக்காமல் எடுங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குவதானால் கடையிலேயே மானிட்டரில் மாட்டச் சொல்லி பயாஸுக்குள் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள். பயாஸ் பாஸ்வேர்டு இருந்தால் அந்தப் பெட்டியே வேண்டாம். டெல் என்றால் அடாப்டர் ஒரிஜினலா என்று பாருங்கள். வேறு அடாப்டரை அது அடையாளம் தெரியாது என்று சொல்லி சிபியு வேகத்தைப் பிடித்து இழுத்துவிடும். 'மெஷின் ஸ்லோ' என்று திருப்பிக் கொடுக்கப்படுவதில் பல இந்த ரகம்தான். லெனோவோ என்றால் 2.5 இஞ்ச் டிஸ்க்குக்கான டிரேயும் அதன் ரிப்பன் கேபிளும் இருக்கின்றனவா பாருங்கள். அவை இல்லாமல் விற்பது வாடிக்கை, தனியாகத் தேடினால் அலைய வேண்டும். கூட வரும் எஸ்எஸ்டியை நம்பி டேட்டா வைக்காதீர்கள். டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் விவரத்தில் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று தெரியும். புதிதாக 500 ஜிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) ஒன்று, 16 ஜிபி ரேம், 8 போர்ட் ஸ்விட்ச் ஒன்று. இதற்கு மேல் இப்போதைக்கு எதுவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். அது தீர்ந்தால் நேரம் மட்டுமா போகும்? பயாஸில் 'கரண்ட் வந்தால் தானாக ஆன் ஆகு' என்று வைத்த அமைப்பும் சேர்ந்து போகலாம். அந்த அமைப்பையும் விஎம் ஓடத் தேவையான விடி-எக்ஸ், விஎம்முக்கு கார்டை நேரடியாகக் கொடுக்க உதவும் விடி-டி இரண்டையும் ஆன் செய்துவிட்டு பிராக்ஸ்மாக்ஸை ஏற்றுங்கள். ஒரே டிஸ்க்தான் என்பதால், டிஸ்க் அமைப்புக்கு இசட்எஃப்எஸ் வேண்டாம், எக்ஸ்ட்4-உம் எல்விஎம் தின்னும் போதும். ஏற்றியதும் அப்டேட் கொடுத்தால் 401 பிழை வரும். சந்தா கட்டியவர்களுக்கான ரெப்பாசிட்டரி (மென்பொருள் கிடங்கு) இயல்பாக இருப்பதால்தான் அது. 'நோ-சப்ஸ்கிரிப்ஷன்' ரெப்பாசிட்டரிக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

இனி நிஜமாகவே மண்டை காயவைக்கும் இரண்டு. ஒன்று, பெரிய கோப்பு ஒன்றை அனுப்பும்போது நெட்வொர்க் மட்டும் செத்துப்போகும், பெட்டி உயிரோடு இருக்கும். மானிட்டரை மாட்டிப் பார்த்தால் இ1000இ என்ற பெயரோடு 'டிடெக்டட் ஹார்ட்வேர் யூனிட் ஹேங்' என்ற வரி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும். இந்த மினி பிசிக்களில் இருக்கும் இன்டெல் ஐ219 கார்டுக்கும் அதன் டிரைவருக்கும் இடையிலான பழைய தகராறு இது. இத்டூல் கட்டளையில், பெரிய டேட்டாவைப் பாக்கெட்டுகளாகப் பிரிக்கும் வசதிகளான டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க, நெட்வொர்க் அமைப்பு இருக்கும் இன்டர்ஃபேஸஸ் கோப்பில் போஸ்ட்-அப் வரியாக எழுதிவிடுங்கள். கேபிளை மாற்றி, ஸ்விட்சை மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள்.

இரண்டு, புதிதாக ஒரு என்விஎம்இயோ பிசிஐ கார்டோ சொருகியதும் பிராக்ஸ்மாக்ஸின் வெப் பக்கம் 8006 போர்ட்டில் வராமல் போகலாம். பிசிஐ எண் வரிசை நகர்ந்ததால் நெட்வொர்க் கார்டின் பெயர் மாறியிருக்கும், பிரிட்ஜ் (விஎம்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் பாலம்) பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். அதே இன்டர்ஃபேஸஸ் கோப்பில் புதுப் பெயரைப் போட்டால் முடிந்தது.

எல்விஎம் தின்னில் ஒரு எச்சரிக்கை. இருக்கிற இடத்தைவிட அதிகமாக விஎம்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்க அது விடும். அந்தப் பொது இடம் (பூல்) நிரம்பும் நாளில் எல்லா விஎம்மும் ஒன்றாக எழுத முடியாமல் நிற்கும். அழித்த கோப்புகளின் இடம் பூலுக்குத் திரும்ப, விஎம் டிஸ்க்கில் டிஸ்கார்டு ஆன் செய்து, உள்ளே எஃப்எஸ்டிரிம் வாரம் ஒருமுறை ஓடவிடுங்கள்.

செயலிகளைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கரை ஹோஸ்ட்டில் (பிராக்ஸ்மாக்ஸிலேயே) நேரடியாகப் போடாதீர்கள். 8 ஜிபி ரேமோடு ஒரு டெபியன் விஎம் போட்டு அதற்குள் வையுங்கள். எல்எக்ஸ்சிக்குள் (பிராக்ஸ்மாக்ஸின் இலகுவான கன்டெய்னர்) ஓட்டுகிறோமே என்பார்கள், ஓடும்தான். ஆனால் விஎம்மில் போடச் சொல்வது பிராக்ஸ்மாக்ஸ்காரர்களே. அடுத்து, யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் போர்ட்டை மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். டாக்கர், லினக்ஸின் அடிப்படை ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்வதால் பப்ளிஷ் செய்த போர்ட் திறந்தேதான் இருக்கும். வெளியே தெரிய வேண்டாதவற்றை 127.0.0.1-இல் (அதே கம்ப்யூட்டருக்குள் தெரியும் முகவரி) மட்டும் கட்டுங்கள்.

என்ன சர்வீஸ் ஓட்டலாம் என்றால், வீட்டில் யாராவது தினமும் தொடுவதை ஓட்டுங்கள். யாரும் பயன்படுத்தாத டாஷ்போர்டு விழுந்தாலும் உங்களுக்குத் தெரியாது. படங்களுக்கு இம்மிச், பாஸ்வேர்டுக்கு வால்ட்வார்டன், காகிதங்களுக்கு பேப்பர்லெஸ். பேப்பர்லெஸ்ஸில் தமிழ் ரசீதுகளைத் தேட வேண்டுமானால் ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிப்பது) மொழிப் பொதியில் தமிழைச் சேர்ப்பதோடு நிற்காமல், ஓசிஆர் மொழி என்ற தனி அமைப்பிலும் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு 'தமிழ் வேலை செய்யவில்லை' என்பவர்கள் நிறைய. அச்சிட்ட பில் நன்றாக வரும். பழைய கிரயப் பத்திரத்தில் அதிசயம் எதிர்பார்க்காதீர்கள்.

வீட்டின் டிஎன்எஸ்ஸாக இருந்து விளம்பரம் தடுக்கும் ஆட்கார்டு ஹோமை மட்டும் இந்தப் பெட்டியில் வைக்க வேண்டாம். நீங்கள் ரீபூட் செய்யும்போதெல்லாம் வீடு முழுக்க நெட் போகும். இரண்டாவது டிஎன்எஸ்ஸாகக் கூகுளுடையதைக் கொடுத்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஃபோன்கள் அதை அவசரத்துக்கு மட்டும் வைத்திருக்காது, இஷ்டத்துக்கு இரண்டையும் கேட்கும், விளம்பரமும் வரும். ராஸ்பெரி பைக்கு இதுதான் இடம்.

வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைய, முதலில் ரவுட்டரின் வான் ஐபியை (இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி) பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால் சிஜிநாட், அதாவது ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். போர்ட் ஃபார்வேர்டு எவ்வளவு அழகாகப் போட்டாலும் பலிக்காது. உங்களுக்கும் வீட்டாருக்கும் மட்டும் என்றால் டெய்ல்ஸ்கேல் விபிஎன் போதும். வீட்டு சர்வீஸை இணையத்தில் காட்டும் கிளவுட்ஃபிளேர் டனலின் இலவசத் திட்டத்தில் ஒரு அப்லோடு 100 எம்பியைத் தாண்ட முடியாது. இம்மிச்சில் படங்கள் ஏறும், வீடியோக்கள் மட்டும் சிக்கி நிற்கும். காரணம் தெரியாமல் இம்மிச்சைத் திட்டுவார்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்று, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆயிரக்கணக்கில் ஃபீஸ் வாங்கிக்கொண்டு மூன்று மாதத்தில் குபர்னெட்டிஸ் (பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) என்கிற பயிற்சி மையங்கள் இருக்கின்றனவே, அங்கிருந்து இன்டர்வியூவுக்கு வரும் பிள்ளைகளுக்கு பாட், இன்கிரஸ் என்று அதன் சொற்கள் எல்லாம் மனப்பாடம். டிஸ்க் நிரம்பிவிட்டது, எந்தக் கோப்புறை என்று கண்டுபிடி என்றால் விழிக்கிறார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. கிளிக் செய்தால் தானாகச் சரியாகும் லேபில் எதுவும் நிரம்புவதே இல்லை. அந்த ஃபீஸ் காசில் ஒரு மினி பிசியே வாங்கலாம் என்று சொன்னால் மையத்துக்காரர்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். கடைகளில் கிடைக்கும் சாதாரண 600 விஏ யூபிஎஸ்ஸில் யூஎஸ்பி இருக்காது. கரண்ட் போனது சர்வருக்குத் தெரியவே தெரியாது. மாற்று வழி இருக்கிறது. பழைய ரவுட்டர் ஒன்றை யூபிஎஸ்ஸும் இன்வெர்ட்டரும் இல்லாத பிளக்கில் மாட்டி, கேபிளில் ஸ்விட்சோடு இணையுங்கள். ஸ்விட்ச் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். அந்த ரவுட்டரின் டிஹெச்சிபியை (ஐபி முகவரி பிரித்துக் கொடுக்கும் வேலை) ஆஃப் செய்ய மறக்காதீர்கள். சர்வரிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை பிங் செய்து (இருக்கிறாயா என்று கேட்டு), தொடர்ந்து ஐந்து முறை பதில் இல்லையென்றால் ஷட்டவுன் கொடுக்கும் சிறு ஸ்கிரிப்ட் போதும். இதில் ஒரு பொறி: யூபிஎஸ் பேட்டரி தீரும் முன்பே கரண்ட் வந்துவிட்டால், பெட்டியைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை. ஆகவே தானாக ஆன் ஆகாது. ராஸ்பெரி பையிலிருந்து வேக்-ஆன்-லான் (நெட்வொர்க் வழியாக எழுப்பும்) பாக்கெட் அனுப்ப வைத்தால் எழுந்துவிடும்.

பேக்கப்புக்கு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் மாட்டுவதானால் எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது இணைக்கும் டிஸ்க்குகளின் பட்டியல்) நோஃபெயில் சேர்க்காமல் விடாதீர்கள். இல்லையென்றால் டிஸ்க் இல்லாத நாளில் பெட்டி எமர்ஜென்சி மோடில் நிற்கும். நோஃபெயில் சேர்த்தால் அடுத்த தொல்லை: டிஸ்க் மவுன்ட் ஆகாதபோது பேக்கப் அந்த வெற்றுக் கோப்புறையிலேயே எழுதி ரூட்டை (சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கை) நிரப்பும். மவுன்ட் செய்யும் முன், வெற்றுக் கோப்புறையின் மேல் சிஹெச்ஆட்டர் கட்டளையால் ஐ கொடியைப் போட்டுவிடுங்கள். யாராலும் அதில் எழுத முடியாது, பேக்கப் பிழை காட்டி நிற்கும், உங்களுக்கும் தெரியும். இம்மிச்சுக்குப் படக் கோப்புறையோடு டேட்டாபேஸ் டம்ப்பும் வேண்டும், இல்லையென்றால் ஆல்பங்களும் முகங்களும் போய்விடும். இம்மிச்சின் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்ஸின் டாக்கர் இமேஜில் 'லேட்டஸ்ட்' என்று எழுதாதீர்கள். பெரிய வெர்ஷன் மாறினால் பழைய டேட்டாவை அது திறக்காது.

மாதம் ஒருமுறை புது விஎம் ஒன்றில் எல்லாவற்றையும் ரீஸ்டோர் செய்து பாருங்கள், பிறகு அந்த விஎம்மை அழித்துவிடுங்கள். வெளியூரில் இருக்கும் இன்னொரு பிரதிக்கு பேக்கப்பைப் பூட்டி வைக்கும் ரெஸ்டிக் என்ற கருவி நன்றாக இருக்கும். அதன் பாஸ்வேர்டு தொலைந்தால் பேக்கப்பும் தொலைந்தது. அதை வால்ட்வார்டனுக்குள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு: வால்ட்வார்டனின் பேக்கப்பும் அதே ரெஸ்டிக்கில்தான் இருக்கும். தாளில் எழுதி பாஸ்புக் இருக்கும் பீரோவில் வையுங்கள்.