ஒரு கிலோ பருப்பும் ஒரு தடுப்பூசியும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘இலவசம்’ பற்றியவை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

காப்பீடு இலவசமாகக் கிடைத்தால் ஜனங்கள் தலைவலிக்கும் ஸ்கேன் எடுக்கக் கிளம்பிவிடுவார்கள் என்கிறார் என் மைத்துனர். அப்படியா? (ஈரோடு வாசகர்)

பாதி சரி. அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 1974 முதல் 1982 வரை இதையே சோதித்துப் பார்த்தது. சில குடும்பங்களுக்கு வைத்தியம் முழுக்க இலவசம். மற்றவர்கள் 25, 50, 95 சதவீதம் என்று கைக்காசு போட வேண்டும், ஆண்டுக்கு ஓர் உச்சவரம்பு வரை. யாருக்கு எந்தத் திட்டம் என்பதைக் குலுக்கல் போலத்தான் முடிவு செய்தார்கள். 95 சதவீதம் கட்ட வேண்டியவர்களின் மருத்துவச் செலவு, இலவசக்காரர்களைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு.

மைத்துனர் இந்த இடத்தில் கைதட்டுவார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கைக்காசு போட்டவர்கள் வீண் வைத்தியத்தை மட்டும் பொறுக்கியெடுத்துக் குறைக்கவில்லை, அவசியமானதையும் சேர்த்தே குறைத்தார்கள். எது வீண், எது அவசியம் என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? சராசரியாகப் பார்த்தால் யார் உடல்நிலையும் பெரிதாக மாறவில்லைதான். ஆனால் ரத்தக்கொதிப்பு இருந்த ஏழைகளுக்கு, இலவச வைத்தியத்தில்தான் கொதிப்பு நன்றாகக் கட்டுக்குள் வந்தது. சராசரி என்ற போர்வைக்குள் இவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.

அப்புறம் 2008இல் அதே அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம். ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் இடம் கொஞ்சம். பெயர் கொடுத்தவர்களோ சுமார் 90,000 பேர். அரசே சீட்டுக் குலுக்கியது. சீட்டு விழுந்தவர்களையும் விழாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதால், ஆய்வாளர்களுக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. காப்பீடு கிடைத்தவர்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவது 40 சதவீதம் கூடியது. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது கொதிப்பிலும் சர்க்கரை அளவிலும் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் தெரியவில்லை. மனச்சோர்வு தெளிவாகக் குறைந்திருந்தது. குடும்பத்தைச் சாய்க்கும் அளவுக்கு ஆகும் மருத்துவச் செலவு கிட்டத்தட்ட இல்லாமலே போனது. காப்பீட்டின் முதல் வேலை அடகுக் கடைக்குப் போகவிடாமல் தடுப்பதுதான் என்பது என் கட்சி. மைத்துனர் ஒத்துக்கொள்ள மாட்டார், பரவாயில்லை.

தடுப்பூசிதான் இலவசமாயிற்றே, போட்டுக்கொள்ள ஏன் ஊக்கப் பரிசு? இது லஞ்சம் இல்லையா? (தேனியிலிருந்து ஓர் ஆசிரியை)

ஊசி இலவசம், அன்றைய கூலி இலவசம் இல்லையே டீச்சர். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து போனால், நர்ஸ் வராமல் கதவு பூட்டியிருக்கும். ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் சகாக்களோடு சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். சில கிராமங்களில் மாதம் தவறாமல், சொன்ன நாளில் முகாம். வேறு சிலவற்றில் அதே முகாமோடு ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டுகள்.

எதுவும் செய்யாத கிராமங்களில் முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 6 சதவீதம். முகாம் மட்டும் நடந்த இடத்தில் 18. பருப்பும் சேர்ந்த இடத்தில் 39. வேடிக்கை என்னவென்றால், பருப்பு கொடுத்ததால் செலவு குறைந்தது! ஒரு குழந்தைக்கு முழுத் தடுப்பூசி போட ஆன செலவு சுமார் 2,200 ரூபாயிலிருந்து 1,100 ஆக இறங்கியது. கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் நர்ஸுக்குச் சம்பளம் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? லஞ்சம் என்ற சொல்லை இங்கே நான் பயன்படுத்த மாட்டேன்.

அரசு ஆஸ்பத்திரி மாத்திரை மலிவு என்பதால் மட்டமா? (திருவாரூர்)

மலிவுக்குக் காரணம் மொத்தக் கொள்முதல். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர், பிராண்ட் பெயர் இல்லாத மருந்து. வந்து இறங்கும் மருந்திலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்த கம்பெனியின் பெயரை மறைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் வங்கிக் கணக்குப் போல ஒரு பாஸ்புக் உண்டு. எடுக்கும் மருந்தின் மதிப்பு அதில் கழியும். பிற மாநிலங்களும் வந்து பார்த்துவிட்டுப் போன ஏற்பாடு இது. பயப்படாமல் சாப்பிடுங்கள்.

அதே டாக்டர், ஜி.எச்.சில் ஒரு நிமிஷம், சொந்த கிளினிக்கில் பத்து நிமிஷம். என் பிரமையா? (மதுரை)

பிரமை இல்லை. மத்தியப் பிரதேசத்தில் பொருளாதார ஆய்வாளர் ஜிஷ்ணு தாஸும் சகாக்களும், பயிற்சி கொடுத்த ‘பொய் நோயாளி’களை நெஞ்சுவலி, மூச்சிரைப்பு என்று சொல்லச் சொல்லி டாக்டர்களிடம் அனுப்பினார்கள். ஒரே டாக்டர் சொந்த கிளினிக்கில் அதிக நேரம் பார்த்தார், கூடுதலாகக் கேள்வி கேட்டார், சரியான மருந்தும் அங்கேதான் அதிகமாக எழுதினார். ஆனால் தேவையில்லாத மருந்து எழுதுவதில் மட்டும் இரண்டு இடமும் சமம். பழியை டாக்டர் தலையில் மட்டும் போட எனக்கு மனசு வரவில்லை. ஊசி போடாமல் அனுப்பிய டாக்டரிடம் என் அம்மா இரண்டாம் முறை போனதே இல்லை.